ஜன்னலும் சுவரும் ஒரே படத்தில்

பகல் வேளையில் வீட்டுக்குள் நின்று, ஜன்னல் பக்கமாகக் காமிராவைத் திருப்பிப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் யாவருக்கும் ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். அறையிலுள்ள பொருள்கள் நன்றாக விழுந்தால் ஜன்னல் வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியேயுள்ள மரமும் வானமும் நன்றாக விழுந்தால் அறை குகைபோல் இருண்டுவிடுகிறது. ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரோ முகமற்ற கறுப்பு உருவமாகவே காட்சியளிப்பார். ஆனால், அதே இடத்தில் நின்று பார்க்கும் நம் கண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மரத்தின் இலையும் தெரிகிறது. சுவரில் மாட்டிய நாள்காட்டியின் தேதியும் தெரிகிறது.

இச்சங்கடத்துக்குப் பரிகாரமாக ஒரு முறை இன்று வழக்கில் இருக்கிறது. அதனை 'ஹை டைனமிக் ரேஞ்ச்' என்றும், சுருக்கமாக 'எச்.டி.ஆர்.' என்றும் கூறுவர். தமிழில் 'விரிந்த ஒளிவீச்சுப் படம்' எனலாம். மும்பையில் செம்பூரை ஒட்டிய திலக் நகரில், ஒரு வீட்டின் கூடத்தில், நாங்கள் இருவர் இம்முறையை முதன்முதலாகக் கையாண்டு பார்த்தோம். அதன் வரலாற்றையும், அதற்குள் அடங்கிய விஞ்ஞானத்தையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

காரணத்தை முதலில் பார்ப்போம். நல்ல வெயிலில் திறந்த வெளியில் விழும் ஒளி 80,000 முதல் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை அளக்கும் அலகு. அதே நேரத்தில், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தில், ஜன்னல் அமைந்த அதே சுவரின் உட்புறத்தில் விழும் ஒளி 50 அல்லது 60 லக்ஸ் இருந்தால் பெரிது. ஆகவே வெளியே நிற்கும் மரத்துக்கும் உள்ளே தொங்கும் படத்துக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேற்றுமை. படக்கலைஞர்கள் இவ்வேற்றுமையை 'ஸ்டாப்' என்னும் கணக்கில் சொல்வார்கள். ஒளி இரு மடங்கானால் ஒரு ஸ்டாப். நான்கு மடங்கானால் இரண்டு. 1,024 மடங்கானால் பத்து.

இனி, இதைத் தாங்கவேண்டிய பொருள்களைப் பாருங்கள். அச்சிட்ட ஒரு படத்தில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வேற்றுமை சுமார் நூறு மடங்கே. அதாவது ஆறு அல்லது ஏழு ஸ்டாப். இன்றைய நல்ல காமிராவின் ஒளியுணரி 12, 13 ஸ்டாப் வரை பதிவு செய்யக்கூடியதுதான். எனினும் அந்த எல்லையின் அடித்தட்டில் கிடைப்பது, ரவையைத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக, நிறம் கலங்கிய சித்திரம். கண்ணுக்கு மட்டும் இத்தொல்லை இல்லாமற் போனது எவ்வாறு? கண் ஒரே நோக்கில் அனைத்தையும் காண்பதில்லை. ஜன்னலைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது. சுவரின் மூலையைப் பார்க்கும்போது விரிகிறது. விழித்திரையும் தன் உணர்வைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. இப்படித் துண்டு துண்டாய்க் கண்டவற்றை மூளை ஒன்றாகத் தைத்து நமக்குத் தருகிறது. காமிராவோ ஒருமுறை திறந்து மூடுவதோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது.

திலக் நகர், ஹார்பர் லைனில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையேயுள்ள நிலையம். சற்று அப்பால் லோகமான்ய திலக் டெர்மினஸ் இருக்கிறது. கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அங்கிருந்து வண்டிகள் உண்டாகையால், தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. மாநில வீட்டுவசதி வாரியம் கட்டிய, எண்களால் அழைக்கப்படும், சில மாடிகளே கொண்ட கட்டடங்கள் நிறைந்த குடியிருப்பு இது. அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் வானளாவிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 'ரீடெவலப்மென்ட்' என்ற சொல்லை மும்பையில் அறியாத பாட்டியும் இல்லை. குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு வாடகை வீட்டுக்குப் போய்விட்டு, புதுக் கட்டடம் எழுந்தபின் திரும்பி வந்து, முன்னைவிடப் பெரிய வீட்டில் குடியேறுவது ஏற்பாடு. லாபகரமான ஏற்பாடுதான், அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் பழைய அறை போனது போனதுதான்.

எங்களுக்கு நன்கு அறிமுகமான மாமி ஒருவர் அத்தகைய கட்டடம் ஒன்றில், இரண்டாம் மாடியில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வந்தார். வீட்டைக் காலி செய்வதற்குச் சில வாரங்கள் இருக்கையில், கூடத்தைப் படம் எடுத்துத் தரவேண்டும் என்று எங்களைக் கேட்டார். கூடத்தில் ஒரே ஜன்னல். கம்பிகளுக்கு அப்பால் ஒரு வேப்பமரமும், அதன் பின்னே இரயில் பாதையும் தெரியும். ஜன்னலுக்கு இடப்புறம், அதே சுவரில், காலஞ்சென்ற மாமாவின் படம் மாலையுடன் தொங்குகிறது. காலையில் அந்த ஜன்னலடியில் நின்று வண்டிகளின் போக்கைக் கவனித்துவிட்டுத்தான் மாமா நிலையத்துக்குப் புறப்படுவாராம். குடும்பத்தின் ஆல்பங்களில் அக்கூடத்தின் படங்கள் எத்தனையோ இருந்தன. ஜன்னலும் சுவரும் சேர்ந்து விழுந்தது ஒன்றுகூட இல்லை. பகலில் எடுத்தவற்றில் ஜன்னல் வெள்ளையாகப் பொங்கி வழிகிறது. இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்தவற்றில் ஜன்னல் கறுப்புச் சதுரமாக நிற்கிறது.

"ஜன்னலும் தெரியணும், அவரும் தெரியணும்" என்பதே மாமி விதித்த நிபந்தனை.

இந்த நிபந்தனை புதியதன்று. புகைப்படக் கலை பிறந்த சில ஆண்டுகளிலேயே அது எழுந்துவிட்டது. 1850-களில் பிரான்ஸ் நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடற்காட்சிகளைப் படம் பிடித்தார். அக்காலத்துத் தகடுகள் நீல நிறத்தை அளவுக்கு மிஞ்சி உணர்பவை. கடல் சரியாக விழும் நேரத்தில் வானம் முற்றும் வெளுத்துப்போகும். மேகம் என்பதே படத்தில் இராது. லெ கிரே வானத்துக்கு ஒரு தகடு, கடலுக்கு ஒரு தகடு என்று தனித்தனியே எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி, ஒரே தாளில் அச்சிட்டார். பார்த்தவர்கள் வியந்தார்கள். நேர்கோடாகக் கடலும் வானும் பிரிந்து நின்றதால் அவருக்கு இது கைகூடியது. வேப்பிலைகளும் ஜன்னல் கம்பிகளும் குறுக்கிடும் எங்கள் கூடத்தில் கத்தரிக்கோலுக்கு வேலையில்லை.

மற்றொரு வழி, உள்ளே ஒளியைக் கூட்டுவது. திரைப்படக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவருவது இதுவே. 1956-ல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி நகரத்து வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளின் ஒளியை அதன்மேல் பாய்ச்சி, அது திரும்பி விழுமாறு செய்தார். உண்மையான முற்றத்தில் விழும் நிழலற்ற பகலொளி அப்படியே கிடைத்தது. செம்பூரிலும் 1948-ல் நிறுவப்பெற்ற ஆர்.கே. ஸ்டுடியோ பல்லாண்டுகள் புகழுடன் விளங்கிற்று. 2017-ல் தீ விபத்துக்குள்ளாகிப் பின்னர் விற்கப்பட்டது. விளக்கு வைத்து ஒளியமைக்கும் கலைக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம். ஆனால் வெயிலோடு போட்டியிடும் அளவுக்கு அச்சிறு கூடத்தில் விளக்குகளை நிறுத்தினால், அது மாமியின் கூடமாகத் தோன்றாது. கூடத்தைப் போலக் கட்டிய ஒரு செட்டாகத்தான் தோன்றும்.

எஞ்சிய வழி, பல படங்களை எடுத்து ஒன்றாக்குவது. அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் முற்பகலில் சென்றோம். மழைக்காலம் முடிந்து, மும்பையில் வெயில் மீண்டும் உறைக்கும் பருவம் அது. மழை மேகம் சூழ்ந்த நாளில் வெளியொளி வெகுவாகக் குறைந்துவிடுமாதலால் வேலை எளிது. ஆனால் மாமிக்கு வெயில் படர்ந்த வேப்பமரமே வேண்டியிருந்தது. காமிராவை முக்காலியில் இறுக்கிப் பொருத்தினோம். லென்ஸின் துவாரத்தை எஃப் 8 என்ற அளவிலும், உணர்வேகத்தை ஐ.எஸ்.ஓ. 100 என்ற அளவிலும் நிறுத்தினோம். குவியத்தையும் நிறச் சமநிலையையும் கையாலேயே அமைத்தோம். இவை நான்கும் படத்துக்குப் படம் மாறலாகாது. குறிப்பாகத் துவாரத்தை மாற்றக் கூடாது. அதை மாற்றினால் எவ்வளவு தூரம்வரை பொருள்கள் துல்லியமாய் விழும் என்பதும் மாறிவிடும். பின்னர் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. மாறவேண்டியது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒன்றே.

முதல் படம் ஒரு விநாடியில் 400-ல் ஒரு பங்கு. அதில் வேப்பமரமும் வானமும் அழகாக விழுந்தன. அறை இருக்குமிடமே தெரியவில்லை. அடுத்தது 100-ல் ஒரு பங்கு. பிறகு 25-ல் ஒரு பங்கு. பிறகு 6-ல் ஒரு பங்கு. அதன்பின் அரை விநாடிக்குச் சற்று மேல். கடைசியாக இரண்டரை விநாடி. ஒவ்வொன்றும் முன்னதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப். ஆறு படங்களில் பத்து ஸ்டாப்பும் அடங்கிவிட்டன. கடைசிப் படத்தில் ஜன்னல் வெறும் வெண்சுடராய் எரிந்தது. மாமாவின் முகமோ, எங்கள் கண்ணுக்கு நேரில் தெரிந்ததைவிடத் தெளிவாக இருந்தது. பொத்தானை விரலால் அமுக்கும் அதிர்ச்சிகூடப் படத்தைக் கெடுக்குமாதலால், இரண்டு விநாடி கழித்துத் தானே இயங்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்தினோம். கூடத்து மின்விசிறியை நிறுத்தச் சொன்னோம். அக்டோபர் வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்கு, நேயர்களே, ஓரளவு துணிவு வேண்டும்.

மின்விசிறியை நிறுத்தலாம், உலகத்தை நிறுத்த முடியாதே! முதல் தடவை ஆறு படங்களையும் எடுத்து முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஹார்பர் வண்டி ஒன்று கடந்தது. கம்பியில் ஒரு காகம் வந்து அமர்ந்து, மூன்றாவது படத்துக்குப் பின் பறந்தது. இப்படி அசைந்தவை யாவும் இணைத்த படத்தில் பாதி உடலும் பாதி காற்றுமாய்த் தோன்றும். இம்முறையைக் கையாளுவோர் இவற்றுக்குப் 'பேய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சில கணிப்பொறி நிரல்கள் தாமே பேயோட்டவும் செய்யும்: அசைந்த இடத்துக்கு மட்டும் ஆறில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் அவ்விடத்தில் ஒதுக்கிவிடும். மாமி காகத்தை நீக்கிவிடச் சொன்னார். வண்டியை நீக்கவேண்டாம் என்றார். ஆகவே வண்டி முழுமையாக விழுந்திருந்த இரண்டாவது படத்தையே அவ்விடத்துக்கு ஆதாரமாகக் கொண்டோம்.

ஆறு படங்களை ஒன்றாக்குவது எவ்வாறு? இதை விளக்க மும்பை நகரத்துக் குழாயடியே போதும். தண்ணீர் வரும் நேரத்தில் பல குழாய்களின் கீழ் ஒரே அளவுள்ள வாளிகளை வைப்பதாக எண்ணுங்கள். ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் வரும் வேகம் வேறு. பத்து விநாடி கழித்துப் பார்த்தால் சில வாளிகள் வழிந்துகொண்டிருக்கும்; சில வாளிகளில் அடி நனைந்திருக்கும்; சில பாதியளவு நிறைந்திருக்கும். வழிந்த வாளியைக் கொண்டு அந்தக் குழாயின் வேகத்தைக் கணிக்க இயலாது. அது எப்போது நிறைந்தது என்பது யாருக்குத் தெரியும்? அடி நனைந்த வாளியும் நம்பத்தக்கதன்று. தெறித்து விழுந்த நாலு துளிகளே கணக்கைக் குழப்பிவிடும். பாதி நிறைந்த வாளிதான் உண்மை பேசும். வழிந்த குழாய்க்கு இரண்டே விநாடி வாளி வையுங்கள். சொட்டும் குழாய்க்கு ஒரு நிமிடம் வையுங்கள். நீரின் அளவை நேரத்தால் வகுத்தால் எல்லாக் குழாய்களின் வேகமும் கிடைத்துவிடும்.

காமிராவின் ஒளியுணரியிலும் இலட்சக்கணக்கான நுண்ணிய வாளிகளே இருக்கின்றன. ஒவ்வோரிடத்துக்கும், வழியாமலும் வறண்டுபோகாமலும் உள்ள படங்களுக்கு அதிக மதிப்பும், மற்றவற்றுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துச் சராசரி எடுத்தால், அவ்விடத்திலிருந்து உண்மையில் வந்த ஒளி எவ்வளவு என்பது தெரிகிறது. வெவ்வேறு நேர அளவுகளில் எடுத்த படங்களை இவ்வாறு இணைக்கும் வழியை 1995-ல் ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிக்கார்ட் என்னும் இருவர் வெளியிட்டனர். 1997-ல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் ஆகிய இருவரும் அதனை மேலும் செப்பனிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாலிக் மதுராவில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980-ல் பட்டம் பெற்றவர். அவர்கள் உதாரணமாக எடுத்துக்கொண்ட காட்சிகளில் ஒன்று, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் கொண்ட ஒரு தேவாலயத்தின் உட்புறம். ஜன்னலுக்குப் பின்னே சூரியன், உள்ளே இருட்டு. 30 விநாடி முதல் 1,000-ல் ஒரு விநாடி வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து, 16 படங்களை எடுத்து இணைத்தார்கள். அந்த ஜன்னலையும் எங்கள் ஜன்னலையும் ஒப்பிடுவது எளியவனின் ஆசைதான்; ஆனால் கணக்கு ஒன்றே.

இங்கே வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. சொல்லப்போனால் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இணைத்த கோப்பில் இப்போது ஆயிரம் மடங்கு வேற்றுமையும் பத்திரமாக அடங்கியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டவேண்டிய தாள் நூறு மடங்குதான் தாங்கும். மரக்கால் நெல்லைப் படியில் கொட்டவேண்டும்; சிந்தவும் கூடாது. எங்கே சுருக்குவது, எவ்வளவு சுருக்குவது என்பதைக் கணிப்பொறி தானாக முடிவு செய்ய இயலாது; யாரேனும் ஒருவர் அதற்குச் சொல்லியாக வேண்டும். இந்தக் கலை பழையது. அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து, 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒளியைப் பதினொரு மண்டலங்களாகப் பிரித்து, எந்தப் பொருள் எந்த மண்டலத்தில் விழவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் ஒரு முறையை வகுத்தார். 2002-ல் எரிக் ரைன்ஹார்டும் அவருடைய கூட்டாளிகளும் அந்த மண்டல முறையையே அடிப்படையாகக் கொண்டு கணிப்பொறிக்கு ஒரு சுருக்கும் வழியை அமைத்தார்கள். இருட்டறையில் கையால் செய்த காரியம் எண்களால் நடக்கலாயிற்று.

நாங்கள் ஒரே கோப்பிலிருந்து மூன்று படங்களை உருவாக்கி அச்சிட்டு மாமியிடம் கொடுத்தோம். முதலாவது, நிரலின் சக்தி முழுவதையும் காட்டுவது. வேற்றுமைகளை அந்தந்த இடத்தளவில் பெருக்கிக் காட்டுவதால், சுவரின் ஒவ்வொரு விரிசலும் மழைக்காலத்து ஈரக்கறையும் உப்பிக்கொண்டு நின்றன. வானம் மைக்கூட்டில் தோய்த்தது போலிருந்தது. ஜன்னல் கம்பிகளைச் சுற்றி வெளுத்த ஒளிவட்டம் ஒன்று ஓடியது. எச்.டி.ஆர். என்றாலே இதுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். இப்படிப்பட்ட படங்களையே ஏராளமாகப் பார்க்கவும் நேர்கிறது. தீபாவளிக்கு எடுத்த துணி சாயம் தூக்கலாக இருந்தால் கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும், தறியைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டாவது படம் மென்மையானது. ஜன்னல், மரம், வண்டி, மாமாவின் படம், கூடத்துக்கு அப்பால் திறந்திருந்த அடுக்களையின் கதவு, உள்ளே பித்தளைப் பாத்திரங்கள், எல்லாம் சீராகத் தெரிந்தன. எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மாமி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா நம்ம அடுக்களை என்னிக்குப்பா இவ்வளவு வெளிச்சமா இருந்தது?" என்று கேட்டார். பட்டப்பகலில்கூட விளக்கைப் போட்டுத்தான் அங்கே சமைத்தாராம். நாற்பது ஆண்டு அந்த இருட்டோடு மல்லாடியவருக்கு, அது படத்தில் மறைந்துபோனது பொறுக்கவில்லை போலும். மூன்றாவது படத்தில் அடுக்களை வாசலை மட்டும் அதன் இயல்பான மங்கலிலேயே விட்டிருந்தோம். பாத்திரங்களின் விளிம்பில் ஒரு மினுக்கு, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஜன்னலும் வெயிலுக்கு உரிய பிரகாசத்தோடு, ஆனால் இலை தெரியும் அளவில் நின்றது. மாமி அதையே எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் அதன்பின் அதுவே சரியென்று படுகிறது. கருவி இருட்டை அறவே நீக்கவல்லது என்பதற்காக எல்லா இருட்டையும் நீக்கியாகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டை அறிந்தவர் அருகில் இருந்து சொல்லும்போது எங்கே நிறுத்துவது என்பது விளங்கிவிடுகிறது. அறிமுகமற்ற இடத்தில் இதைத் தீர்மானிப்பது எளிதன்று.

இவ்வளவு பாடு எதற்கு, கைபேசியை நீட்டினால் போதாதா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2010-லேயே ஐபோனில் எச்.டி.ஆர். வசதி வந்துவிட்டது. 2013-ல் கூகிள் நிறுவனம் வேறொரு யுக்தியைக் கொண்டுவந்தது. வெவ்வேறு நேர அளவுகளில் எடுக்காமல், ஜன்னல் வெளுக்காத அளவுக்குக் குறைந்த ஒளியிலேயே பல படங்களை அடுத்தடுத்து மின்னல் வேகத்தில் எடுத்து, அவற்றைக் கூட்டிச் சராசரி காண்பது அந்த யுக்தி. இருட்டிலுள்ள புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறுவன. உண்மையான உருவம் மாறாதது. ஆகவே கூட்டக் கூட்டப் புள்ளிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, உருவம் எஞ்சுகிறது. மற்றொரு வழி ஒளியுணரியையே மாற்றியமைப்பது. ராஞ்சியை அடுத்த மேஸ்ராவில் படித்து, இப்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் ஸ்ரீ நாயர், மிட்சுநாகா என்ற ஜப்பானிய அறிஞருடன் சேர்ந்து, அடுத்தடுத்த புள்ளிகள் வெவ்வேறு அளவில் ஒளியை ஏற்கும்படியான ஏற்பாட்டை 2000-ல் விளக்கினார். ஒரே திறப்பில் பல அளவுகளும் கிடைத்துவிடுகின்றன.

முக்காலி நின்ற அதே இடத்தில் கைபேசியாலும் ஒரு படம் எடுத்தோம். ஒரு விநாடிகூட ஆகவில்லை. காகமும் வண்டியும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. குழந்தைகள் ஓடியாடும் இடத்திலும் கலியாணப் பந்தலிலும் கைபேசிக்கே எங்கள் ஓட்டு. ஆயினும் அடுக்களை இருட்டாக இருக்கலாமா கூடாதா என்பதை அது எங்களைக் கேட்கவில்லை. யாரோ எங்கோ அமர்ந்து, கோடிக்கணக்கான கூடங்களுக்கும் பொதுவாக ஒரு விடையை முன்னமே எழுதிவைத்துவிட்டார். அதன்படி அடுக்களை வெளிச்சமாயிற்று.

அடுத்த விநாயக சதுர்த்தியின்போது இதே முறையை இரவில் சோதித்தோம். திலக் நகரின் சஹ்யாத்ரி கிரீடா மண்டல், புகழ்பெற்ற அரண்மனைகளையும் கோயில்களையும் போலப் பிரம்மாண்டமான அலங்கார முகப்புகளை அமைப்பதில் பெயர் பெற்றது. விளக்குகளின் நேரொளிக்கும் முகப்பின் இடுக்குகளுக்கும் உள்ள வேற்றுமை, ஜன்னலுக்கும் சுவருக்கும் உள்ளதைவிட அதிகம். முகப்பு அசையாததால் அதன் சிற்ப வேலைப்பாடு முழுவதும் அழகாக அமைந்தது. கீழே நகர்ந்துகொண்டிருந்த ஜனத்திரளோ வெறும் பேய்க்கூட்டமாயிற்று. எந்த நிரலாலும் அத்தனை பேயை ஓட்ட இயலவில்லை. மக்கள் திரளுக்கு மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்து ஒட்டினோம். லெ கிரே கடலையும் வானத்தையும் ஒட்டிய அதே வேலைதான்.

இம்முறையை முயல விரும்புவோருக்கு ஒன்று சொல்லலாம். இணைத்து முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். காமிரா பதிந்தபடியே, சுருக்காமல் வைத்திருங்கள். எத்தனை விநாடி, என்ன துவாரம் என்ற குறிப்புகள் அவற்றினுள்ளேயே பதிவாகியிருக்கும். இணைக்கும் வழிகள் மாறிக்கொண்டே வருகின்றன. 2007-ல் மெர்டன்ஸும் அவருடைய நண்பர்களும் வெளியிட்ட ஒரு வழி, ஒளியின் அளவைக் கணக்கிடாமலே ஒவ்வொரு படத்திலிருந்தும் நன்றாக விழுந்த பகுதிகளைத் தேர்ந்து கலந்துவிடுகிறது. அவ்வழியில் இயங்கும் நிரல்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. இன்னும் பத்தாண்டில் வேறு வழிகள் வரலாம். மூலப் படங்கள் இருந்தால்தான் அவற்றால் பயன்.

மாமியின் வீட்டு ஆறு படங்களையும் அவ்வாறே காத்துவைத்திருக்கிறோம். கட்டடம் காலியான பிறகு மாமியின் பேரன் எங்களிடம் வந்து, இணைத்த படத்தை வேண்டாமென்று சொல்லி, ஆறாவது படத்தை, அதாவது இரண்டரை விநாடிப் படத்தை, மட்டும் கேட்டு வாங்கிச் சென்றான். ஜன்னல் வெளுத்து ஒன்றுமில்லாமற் போன படம் அது. ஆனால் தாத்தாவின் படத்துக்குக் கீழே, சுவரின் இருண்ட பகுதியில், சிறுவயதில் அவன் பென்சிலால் எழுதிப் பார்த்த தமிழ் எழுத்துக்கள் இருந்தன. மாமி மட்டும் அறிந்து அழிக்காமல் விட்டவை. நேரில் கண்ணுக்கு அவை தெரிந்ததில்லை. மற்ற ஐந்து படங்களிலும் தெரியவில்லை. இணைத்துச் சுருக்கியபோது, சுவரின் நிறத்தோடு நிறமாக அவை மங்கிப்போயிருந்தன.